அட்டமி நீர்

ஐம்பது மீட்டர் சதுரங்களாக
ஜொகூர் நீரிணையை நறுக்கி வைத்திருக்கிறேன்.
ஒவ்வொரு சதுரத்திலும் ஐந்து அடுக்குத் தண்ணீர்,
அடுக்குக்கு ஒரு வேகம், ஓர் உப்பு, ஒரு சூடு.
மேற்கு ஓரத்தில் காஸ்வே.
அங்கே வேகம் பூச்சியம் என்று எழுதினேன்.
நூறு வயதுச் சுவர்
என் நிரலில் ஒரு வரி.

பொங்கோலில் அடுத்த வீட்டு மாமி கேட்டார்,
உனக்கு என்னம்மா வேலை?
மீன் கழிவு எங்கே போய் விழுகிறது
என்று கணக்குப் பார்க்கிறேன், என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
அரசாங்க வேலையா? என்றார்.

அளவுக் குடுவையில் போட்டு, ஸ்டாப்வாட்ச் பிடித்து
நானே அளந்தது:
நொடிக்கு மூன்று சென்டிமீட்டர்.
பதினைந்து மீட்டர் ஆழம் இறங்க
எட்டு நிமிடம் சொச்சம்.
அந்த எட்டு நிமிடத்தில் நீரோட்டம்
எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

தியோ ஹுவாட் கிம்மின் பண்ணை
புலாவ் உபின் எதிரே நீலப் பீப்பாய்கள் மேல் மிதக்கிறது.
முப்பத்திரண்டு வலைக்கூடுகளில் கொடுவா,
இரண்டு நாய்கள்,
தகரக் கூரைக்குக் கீழே ஒரு சோற்றுக் குக்கர்.
"கம்ப்யூட்டர் வந்துட்டா" என்று
மலாயில் நாய்களுக்கு என்னை அறிவிப்பார்.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்
என் கோடும் கடலின் கோடும்
ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும்.
அட்டமியில்தான் தகராறு.
கருவியை எடுத்துப் பார்த்தால்
கண் வைத்த இடமெல்லாம் கொட்டலசு.

சப் கோ மே கழிந்து எட்டாம் நாள்,
பெருநாளில் மிஞ்சிய ஆரஞ்சு நாற்பது
பெட்டியோடு கொடுத்தார் கிம்.
காற்றுக்கு மசியாது ஆரஞ்சு,
தலையை மட்டும் காட்டிக்கொண்டு
தண்ணீர் போகிற பக்கம் போகும்.
மார்க்கரால் ஒவ்வொன்றிலும் எண் போட்டேன்.
"போன வாரம் வீசியிருந்தா மாப்பிள்ளை கிடைச்சிருப்பான்.
இன்னிக்கு வீசினா கணக்குதான்."
படகை ஓட்டிய ஜம்ரி திரும்பிப் பார்க்காமல் சிரித்தார்.

ஏழு மணிக்கு ஓதம் இறங்கத் தொடங்கியது. வீசினோம்.
என் மாதிரியின்படி
மதியத்துக்குள் சாங்கியைத் தாண்டிவிட வேண்டும்.

மாலை ஏழுக்கு
இருபத்தேழு ஆரஞ்சுகள்
புறப்பட்ட பீப்பாயையே முட்டிக்கொண்டிருந்தன.
ஒன்பது, சவ்தாவின் சிப்பிக் கயிறுகளில்.
பதினேழாம் எண்ணை உபின் கரையில்
ஒரு குரங்கு உரித்துக்கொண்டிருந்தது.
மூன்று வெளியே போயின.

இரவெல்லாம் வரிகளைத் தேடினேன்.
சுவர் ஒன்றுதான் என்று நினைத்தது பிசகு.
பாசி ஏறிய வலையும் சுவர்தான்.
முப்பத்திரண்டையும் சேர்த்து ஓட்டியபோது
கூடுகளுக்கு நேர் கீழே
திரை சிவந்து, சிவந்தபடியே நின்றது.
கூடுகளை முந்நூறு மீட்டர் கிழக்கே நகர்த்திப் பார்த்தேன்.
சிவப்பும் எழுந்து
சவ்தாவின் கயிறுகளுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாதி வலையைத் தூக்கணும், அங்கிள்."
அவர் பதில் சொல்லவில்லை.
இரவு இரண்டு மணிக்கு
மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பதை
என் திரைக்கு முன்பே பார்த்தவர்.
பம்பை உதைத்து ஓடவிட்டு
விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்தவர்.
எண் முப்பத்திரண்டை எடுத்து உரித்தார்,
ஒரு சுளையைத் தின்றார்,
"உப்பு" என்றார்.
மீதியை என்னிடம் நீட்டினார்.

அறிக்கையில் எழுதினேன்:
வெளியேறியவை, மூன்று.

பதினான்கு நாள் கழித்து, அடுத்த அட்டமியில்,
போனில் ஒரு படம் அனுப்பினார்.
பீப்பாய் ஓரம், பச்சைப் பூஞ்சையோடு,
பாதி அழிந்த முப்பத்தெட்டு.
கீழே ஒரு வரி:
மாப்பிள்ளை வந்துட்டான்.

கோப்பைத் திறந்து
மூன்றை அடித்து இரண்டாக்கினேன்.
இரண்டுக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன்.